"அவ எங்கட ஆளா சேர்?" – குறிகட்டுவான் துறையில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது எங்களிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

தவணை விடுமுறை தொடங்கிய அன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றோம். சோளகக் காற்று பலமாக அடித்ததால் லோஞ்ச் பிந்தியிருந்தது. நயினாதீவுக்குப் போக வந்த கோயில்காரர், விகாரைக்குப் போக வந்த தென்பகுதிச் சனம், நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்ற வந்தவர்கள் என்று துறை நிறைய ஆட்கள். எங்கள் தரம் 10 மாணவி ஒருத்தி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து கேட்டாள்:

"சேர், இந்தப் பாட்டுப் பாடுறவ யாழ்ப்பாணமாம். உண்மையோ?"

போனை வாங்கிப் பார்த்தோம். எம்.ஐ.ஏ. என்று போட்டிருந்தது.

"ஓம் பிள்ளை. மாதங்கி அருள்பிரகாசம். சின்ன வயசில இங்கதான் வளந்தவ."

"அப்ப எங்கட ஆளா சேர்?"

அந்த நேரம் லோஞ்ச் வந்துவிட்டது. பிள்ளை சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பதில் எங்களிடமே நின்றுவிட்டது. "ஓம்" என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம், ஆனால் வாய் வரவில்லை. "இல்லை" என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்து எழுதியதுதான் இது.

முதலில் எங்கள் இடத்தைப் பற்றி ஒரு சொல். ஊர்காவற்றுறை என்பது ஒரு காலத்தில் பாய்க்கப்பல்களின் துறைமுகம். அங்கே கரையில் நின்றால் இன்றும் கடலுக்குள் கோட்டை தெரிகிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தியது. நெடுந்தீவில் நிற்கும் குதிரைகளும் பெருக்க மரமும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவைதான். தீவகத்து ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை போட்டார்கள். பிறகு அதே ஆட்களின் பிள்ளைகள் பரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் போனார்கள். புங்குடுதீவில் பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் பார்த்தாலே அந்தக் கதை தெரியும்.

ஆட்கள் நகரும்போது பாட்டும் நகரும். நாம் கல்யாண வீட்டில் ஆடுகிற பைலா இந்த மண்ணில் முளைத்ததல்ல. போர்த்துக்கேயரோடும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் கடல் தாண்டி வந்த தாளம் அது. சிங்களத்தில் கலந்து, தமிழில் கலந்து, இன்று யாருடையது என்று கேட்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ. மனோகரன் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் 'சிலோன் மனோகர்' ஆனார். 2018இல் சென்னையில்தான் காலமானார். 'சின்ன மாமியே' தந்த நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை அக்கரையில் தமிழ்நாட்டுக்காரர் கேட்டார்கள். அக்கரையின் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் இக்கரையில் எங்கள் வீடுகளில் ஒலித்தது. ரமழான் மாதத்தில் இன்றும் ஒலிக்கிறது.

இந்த வரிசையில் உலகம் முழுவதும் தெரிந்த ஒரு பெயர் என்றால் மாதங்கிதான்.

மாதங்கி பிறந்தது 1975 ஜூலை 18, லண்டன் ஹவுன்ஸ்லோவில். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். வழக்கமாக இங்கிருந்துதான் லண்டன் போவார்கள். இந்தப் பிள்ளை லண்டனில் இருந்து இங்கே வந்தது. காரணம் தகப்பன்.

தகப்பன் அருள்பிரகாசம் பொறியியல் படித்தவர். 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் தொடக்க கால ஆட்களில் ஒருவர். பலஸ்தீன இயக்கத்திடம் லெபனானில் பயிற்சி பெற்றவர். 'அருளர்' என்ற பெயரில் 'லங்கா ராணி' என்றொரு நாவல் எழுதினார். 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் கொழும்பில் இருந்து காங்கேசன்துறைக்கு அகதிகளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் அது. எங்கள் மூத்தவர்களில் சிலர் அந்தக் காலத்தில் அதை ஒளித்து வைத்து வாசித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் அவசியம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல காலம் மாதங்கியின் தகப்பனைப் 'புலி' என்று எழுதின. அது பிழை. அவர் ஈரோஸ்காரர், விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் அல்லர். வெளியாருக்கு எல்லா இயக்கமும் ஒன்றுதான். இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் உயிரோடு விளையாடிய வித்தியாசம். இயக்கங்களுக்குள்ளேயே எத்தனை பிள்ளைகள் செத்தார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். வரலாறு படிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெயரைப் பிழையாக எழுதினால் முழுக் கதையும் பிழைத்துப்போகும்.

தகப்பன் இயக்கத்தில். வீட்டில் தாய் கலாவும் மூன்று பிள்ளைகளும். தகப்பன் எப்போதாவது வந்துபோவார். பாதுகாப்புக்காகப் பிள்ளைகளுக்கு அவரை 'மாமா' என்றே அறிமுகப்படுத்தினார்கள் என்று மாதங்கி பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற ஆள் தன் தகப்பன் என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை! இடையில் குடும்பம் சென்னைக்குப் போனது. பாழடைந்த ஒரு வீட்டில், வறுமையில், நோயில் கிடந்தார்கள். பிறகு திரும்பவும் யாழ்ப்பாணம்.

அது எந்தக் காலம் என்று பாருங்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது மாதங்கிக்கு ஆறு வயது முடியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தின்போது எட்டு வயது. 1985 மே 15இல், நாங்கள் நின்ற அதே குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில், குமுதினிப் படகில் போன சனத்தை வெட்டிக் கொன்றார்கள். பச்சைக் குழந்தைகூட மிஞ்சவில்லை. அடுத்த வருடம், 1986இல், பதினொரு வயதை எட்டும் நேரத்தில், தாயோடும் அக்கா தம்பியோடும் மாதங்கி லண்டன் போய்ச் சேர்ந்தார். பிறந்த நாட்டுக்கே அகதியாகப் போன பிள்ளை.

தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், அரசாங்கம் கட்டிய அடுக்குமாடித் தொகுதி ஒன்றில் வீடு கிடைத்தது. தாய் கலா தையல் வேலைக்குப் போனார். பிள்ளைக்கு ஆங்கிலம் சரியாக வராது. நிறத்தைச் சொல்லிப் பழித்தார்கள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஹிப்-ஹொப் பாட்டுக் கேட்டது. சொற்கள் விளங்காவிட்டாலும் கோபம் விளங்கியது. மொழி தெரியாத ஒரு பிள்ளை ஒரு நாட்டை முதலில் தாளத்தால்தான் விளங்கிக்கொள்ளும். புத்தளத்தில் கிடந்த காலத்தை நினைத்தால் எங்களுக்கும் அது விளங்கும். அதைப் பிறகு சொல்கிறோம்.

மாதங்கி பாட்டுப் படிக்கப் போனவர் அல்லர். லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் படித்தார். 2001இல் இலங்கை வந்தார். தன்னோடு ஒன்றாக வளர்ந்த மச்சான் ஒருவர் காணாமற்போயிருந்தார். அவரைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்று வந்தார். அந்தப் படம் முடியவில்லை. ஆனால் பெயர் ஒன்று கிடைத்தது. எம்.ஐ.ஏ. என்றால் படைத்துறையில் 'போர்க்களத்தில் காணாமற்போனவர்' என்று பொருள். லண்டனில் அக்டன் என்ற பகுதியில் தான் இருந்ததையும் சேர்த்து, 'அக்டனில் காணாமற்போனவள்' என்று அதே எழுத்துக்களை வைத்து விளையாடினார். காணாமற்போனவர்களின் தாய்மார் படங்களோடு வீதியோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

முதல் பாட்டான 'கலாங்' 2003இல் வெறும் 500 பிரதிகளாக வந்தது. சின்னஞ்சிறிய ஒரு தாளப் பெட்டியை வைத்து வீட்டில் இருந்தபடி கட்டிய பாட்டு. 2005இல் முதல் இறுவட்டு. அதற்கு வைத்த பெயர் 'அருளர்'. தன்னை விட்டுப்போன தகப்பனின் புனைபெயர். அவர் இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு முன்னுக்கு வந்து நிற்கட்டும் என்பதற்காகவே அப்படி வைத்ததாகச் சொன்னார். அடுத்த இறுவட்டு 2007இல். பெயர் 'கலா'. தாயின் பெயர். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று.

இந்தக் 'கலா' பிறந்த விதம்தான் எங்களுக்கு முக்கியம்.

2006இல் அமெரிக்காவில் இருந்து வேலை செய்யத்தான் மாதங்கி ஏற்பாடு செய்திருந்தார். நியூயோர்க்கில் வீடும் எடுத்தாகிவிட்டது. வீசா கிடைக்கவில்லை. நம் ஆட்கள் எத்தனை பேர் இந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறோம்! மாதங்கி உட்காரவில்லை. விடுகிற நாடுகளுக்கெல்லாம் போனார். இந்தியா, ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடமெல்லாம் ஒலியைப் பிடித்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமி மேளக்காரரைக் கூப்பிட்டு அடிக்கவைத்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பொய்ஸ்' என்ற பாட்டுக்களில் நீங்கள் கேட்பது அந்த உறுமிதான். சாவு வீட்டிலும் சிறுதெய்வக் கோயில்களிலும் அடிக்கிற மேளம் லண்டன் நடனக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இறுவட்டின் முதல் பாட்டில் இளையராஜாவின் 'தளபதி' படப் பாட்டு ஒன்றின் துண்டு ஓடுகிறது. இன்னொன்றில் அவுஸ்திரேலிய ஆதிவாசிச் சிறுவர்களின் குரல். சிறுவயதில் விருந்து வீடுகளில் ஆடிய 'டிஸ்கோ டான்சர்' ஹிந்திப் பாட்டை 'ஜிம்மி' என்று திருப்பிப் பாடினார். வேறொரு பாட்டின் தொடக்கத்தில் கேரளக் கரையில் மீனவர் வள்ளம் இழுக்கும் ஓசை வருகிறது. நம் கரையில் அதை அம்பாப் பாட்டு என்போம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்ந்து பாடுவது. நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் அதை முழுமையாகப் பாடத் தெரிந்த கிழவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

வீசா மறுத்ததால் வந்த அந்த இறுவட்டில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்' இருக்கிறது. பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதன் அடியில் ஓடும் மெட்டு 'த கிளாஷ்' என்ற பிரித்தானியக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டில் இருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளையும், போர் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றியது. மாதங்கியின் பாட்டு கள்ளக் கடவுச்சீட்டும் வீசாவும் செய்து விற்கிற ஒருவர் பேசுவது போல அமைந்தது. இடையில் துப்பாக்கி வெடிக்கும், காசுப் பெட்டி திறக்கும். புதிதாக வந்திறங்கும் அகதியைப் பார்த்து வெள்ளைக்காரர் மனதில் என்ன பயப்படுகிறாரோ அதையே எடுத்து, நக்கலாக அவர் முகத்துக்கு முன் பாடிக் காட்டியது. 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 4ஆம் இடம் வரை ஏறியது. எந்த நாடு வீசா மறுத்ததோ அந்த நாடே பாடியது.

இனி 2009. இந்த வருடத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பெப்ரவரி 8, கிராமி விருது விழா. நிறைமாதக் கர்ப்பிணியாக மாதங்கி மேடையேறினார். அதே பருவத்தில் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் ரஹ்மானோடு செய்த 'ஓ சாயா' பாட்டுக்காக ஒஸ்கார் பரிந்துரையும் இருந்தது. உலகம் முழுவதும் ஒலிவாங்கியை அவர் முன் நீட்டியது. அந்த நாட்களில்தான் வன்னியில் சனம் ஒடுங்கிய நிலத்துக்குள் அகப்பட்டு, ஆஸ்பத்திரி மேலும் செல் விழுந்து செத்துக்கொண்டிருந்தது. மாதங்கி தனக்குக் கிடைத்த ஒவ்வொரு ஒலிவாங்கியிலும் அதைச் சொன்னார். உடுப்பைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் கேட்டவர்களிடம் வன்னியைப் பற்றிச் சொன்னார். அதற்காகப் பலர் ஏசினார்கள். பயங்கரவாதத்துக்கு ஆதரவு என்றார்கள். ஆரம்ப கால ஓவியங்களில் புலி உருவங்களைப் போட்டிருந்தது அந்தக் குற்றச்சாட்டுக்குத் தோதாக இருந்தது. தான் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை, பொதுமக்களுக்காகவே பேசுகிறேன் என்று அவர் மறுத்தார். வேறு யாரும் பேசாத நேரத்தில் பேசினார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இனி எங்கள் பக்கம். பிள்ளைக்கு "ஓம்" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. யாழ்ப்பாண நகரத்துக்கு அது ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் அப்போது சிறுபிள்ளைகள். உம்மா அடுப்பில் வைத்த சோற்றை இறக்கிவைத்தார். எதற்காக இறக்கினார் என்று பல வருடம் கழித்துக் கேட்டோம். "கருகிப் போகும் எண்டுதான்" என்றார். திரும்பி வந்து சாப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில். வாப்பா கொண்டுவந்தவற்றில் ஒரு சின்ன ரேடியோவும் இருந்தது. அதில் பட்டரி இருந்த நாட்களில் நாகூர் ஹனிபா பாடுவார். பாடசாலையில் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். "யாழ்ப்பாணத்தான்" என்றார்கள். நாலைந்து வருடத்தில் எங்கள் பேச்சு மாறியது. 2002 போர்நிறுத்தத்தின் பின் வந்து பார்த்தோம், 2009க்குப் பிறகு திரும்பி வந்தோம். இங்கே எங்கள் பேச்சைக் கேட்டவர்கள் "நீங்கள் புத்தளமோ?" என்றார்கள். மாதங்கியும் இதைத்தான் அனுபவித்தார் என்பது நினைவுக்கு வருகிறது. லண்டனில் அகதி, இங்கே வந்தால் வெளிநாட்டுக்காரி.

மாதங்கியின் பாட்டுக்களை ஒன்றுவிடாமல் தேடிக் கேட்டோம். சிறுபான்மையாகப் பிறந்த வலி இருந்தது. அகதியின் கோபம் இருந்தது. எங்கள் ஒக்டோபர் கேட்கவில்லை. உலகத்துக்குச் சொல்லப்பட்ட தமிழர் கதையில் எங்கள் பக்கம் கிழிந்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் வகுப்பில் நின்று வரலாறு படிப்பிக்கத் தகுதியில்லை.

ஆனால் நியாயமும் பேச வேண்டும். 1990இல் மாதங்கி லண்டனில் பதினைந்து வயதுப் பிள்ளை. எங்களை வெளியேற்றியதில் அவருக்கு என்ன பங்கு? பத்து வயதில் விட்டுப்போன ஊரின் முழுக் கணக்கையும் ஒரு பாடகியிடம் கேட்பது சரியா? பாட்டு ஒரு சான்று. அது தான் கண்டதைச் சொல்லும். காணாததைச் சொல்லாது. லங்கா ராணிக் கப்பலைப் பற்றி அறிந்தவர் அந்தக் கதையை எழுதினார். உறவைத் தொலைத்தவர் அந்தக் கதையைப் பாடினார். எங்கள் கதையை எழுதவும் பாடவும் வேண்டியவர்கள் நாங்கள். அதை நாங்கள் உலகத்தின் காதில் விழும்படி செய்யாதது மாதங்கியின் குற்றம் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2009இல் வன்னிச் செய்தி வந்தபோது புத்தளத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. யாரோ ஒருவர், "எங்களைத் துரத்தினவைக்கு இது வேணும்" என்றார். உம்மா திரும்பிப் பார்த்தார். "அங்க சாகிறது எங்களைத் துரத்தினவன் இல்ல. எங்களுக்குப் பால் தந்த பக்கத்து வீட்டுக்காரி" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அன்று மாதங்கி அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றித்தான்.

2015இல் மாதங்கி 'போர்டர்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டார். கடலில் நிறைந்த வள்ளங்களில், வேலிகளில் ஏறும் அகதிகளைக் காட்டும் காணொளி. அது சிரிய மக்கள் படகில் கிரேக்கத்துக்குப் போய்க் கொண்டிருந்த வருடம். காணொளியில் அவர்கள் பெயர் இல்லை, எங்கள் பெயரும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஒரு மூத்தவர் சொன்னது: "இது நாங்கதானே." 1974இல் கச்சதீவு ஒப்பந்தத்தோடு நம் கடலிலும் ஒரு கோடு கீறப்பட்டது. மீனுக்கும் காற்றுக்கும் பாட்டுக்கும் அந்தக் கோடு தெரியாது. ஆட்களுக்கு மட்டும் தெரியும்.

தாயைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தோம். 2019இல் பிரித்தானிய அரசு மாதங்கிக்கு எம்.பி.ஈ. விருது அறிவித்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் அரண்மனையில் போய் வாங்கினார். ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களும் உண்டு. அவர் சொன்ன காரணம் இது: அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கிற வேலையை முப்பது வருடத்துக்கு மேலாக மிகக் குறைந்த கூலிக்குச் செய்து வந்தவர்களில் ஒருவர் அவருடைய தாய் கலா. அகதியாய்ப் போன நாட்டில் தாய் ஊசி பிடித்துத் தைத்த பதக்கம் மகளின் நெஞ்சில் வந்து குத்தப்பட்டது. தாயின் உழைப்புக்காகவே வாங்கினேன் என்றார். தகப்பன் அருளர் 2019 டிசெம்பரில் காலமானார். அவர் பெயரில் ஒரு இறுவட்டு இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தைத் தைத்து வைத்திருந்தது தாயின் ஊசிதான். இதை வாசிக்கிற உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் விளக்கம் தேவையில்லை.

சரி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் அதற்குள் இல்லை. 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நம் மொழி இந்த வித்தியாசத்தைக் கவனமாக வைத்திருக்கிறது. ஆனால் நாம் முப்பது நாற்பது வருடமாக 'நாங்கள்' என்பதை மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். தமிழர் நாங்கள், சோனகர் நாங்கள், தீவார் நாங்கள், பட்டினத்தார் நாங்கள். இந்தப் பதிவிலும் 'நாங்கள்' அடிக்கடி வந்திருக்கிறது. கவனித்தோம். சில இடத்தில் அது இல்லாமல் உண்மை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது "எங்கட ஆளா" என்று. ஆறுமுகநாவலர் பாடமும் நபி பெருமானார் பாடமும் அடுத்தடுத்த அறையில் நடக்கிற பாடசாலையில் படிக்கிற பிள்ளை அது. தொப்பி போட்ட வாத்தியாரிடம் வந்து, "எங்கட" என்றாள். அந்தச் சொல்லுக்குள் எங்களையும் வைத்துத்தான் கேட்டாள். யோசித்துக் கேட்கவில்லை. அவளுக்கு அது இயல்பாக வந்தது. நாங்கள்தான் லோஞ்ச் வரும்வரை தடுமாறினோம்.

ஆகவே பதில் இது, பிள்ளை:

ஓம். அவ எங்கட ஆள்தான். அவ பாடினதில எங்கட கதை முழுக்க இல்லை. அவவின்ர கதை முழுக்க எங்களுக்குத் தெரியவும் இல்லை. அதுக்காக ஆள் இல்லை எண்டு சொல்ல ஏலாது. வீட்டில எல்லாரும் எல்லாத்தையும் சொல்லி முடிக்கிறதில்லை. மிச்சத்தை மற்றவை சொல்ல வேணும்.

அந்தப் பிள்ளையின் தகப்பன் பிரான்சில். அலுவல்கள் முடிந்துகொண்டு வருகின்றன. அடுத்த வருடம் போய்விடுவாள் என்று தாய் சொன்னார். அங்கே பள்ளியில் அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். சில வருடத்தில் பேச்சு மாறும். திரும்பி வரும்போது இங்கே சிரிப்பார்கள். அப்போது கையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. மாதங்கியிடம் உறுமி இருந்தது, தாயின் பெயர் இருந்தது. எங்களிடம் வாப்பாவின் ரேடியோவும் உம்மாவின் ஒரு வசனமும் இருந்தன.

எனவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். நெடுந்தீவில், நயினாதீவில், ஊர்காவற்றுறையில், வேலணையில் அம்பாப் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் காவடிப் பாட்டு, அந்தோனியார் திருவிழாப் பாட்டு, எங்கள் கந்தூரிகளில் பாடிய பைத், பெண்கள் பாடிய தாலாட்டு, கல்யாண வீட்டுக் கேலிப் பாட்டு, எதுவானாலும் சரி. உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். பாடினவர் பெயர், ஊர், யாரிடம் படித்தது என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். பாடசாலையில் சேர்த்து வைக்க ஒரு இடம் ஒதுக்குகிறோம். அடுத்த தவணை வரலாற்றுச் செயற்றிட்டமாக இதையே கொடுக்க நினைத்திருக்கிறோம்.

போகிற பிள்ளை ஒன்றாவது அதைத் தன்னோடு கொண்டு போகட்டும். என்ன தாளத்தில் சேர்த்து எந்த நாட்டில் பாடுகிறாள் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

முதல் பதிவை நாங்கள் எடுத்துவிட்டோம். உம்மாவின் குரல். எண்பது வயது. 1990க்கு முன் சோனகத் தெருவில் பக்கத்து வீட்டு அம்மா பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டு. உம்மா அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டே பாடமாக்கியிருக்கிறார். அதே பாட்டால்தான் எங்களையும் தூங்கவைத்தார்.